பேட் ஹேண்டில் ஜாயின்ட் வெட்ட எந்த ரம்பம் வாங்கலாம்? (சேலம், அவசரம்)

சூரமங்கலம் ஆல்ரவுண்டர்
வணக்கம். பேட்டுக்கு ஹேண்டில் ஜாயின்ட் போட்டுக்கொண்டிருக்கிறேன். பேட் பிளேடில் ஹேண்டில் நுழையும் வி வெட்டு சரியாக உட்காரவில்லை, சந்து விழுகிறது. இருக்கிற மெஷினில் வெட்டு சுத்தமாக வரவில்லை. என்ன ரம்பம் வாங்கலாம், சேலத்தில் எங்கே கிடைக்கும்? ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

கொண்டலாம்பட்டி பட்டறை
தம்பி, என்ன மெஷின்? என்ன மரம்? பிரம்பு ஹேண்டிலா, மரக் கட்டையா? புது பேட்டா, பழைய பேட்டுக்கு ஹேண்டில் மாற்றுகிறீர்களா? இது தெரியாமல் ரம்பம் சொன்னால் காசுதான் வீண். முடிந்தால் போட்டோ போடுங்கள்.

லேத் மெக்கானிக்
வேறு எதையும் யோசிக்காதீர்கள், பேண்ட்ஸாதான், நாடா மாதிரி அலகு சுற்றும் ரம்ப மெஷின். முக்கால் அங்குல அகல அலகு போடுங்கள். மெலிந்த அலகு மரத்தின் ரேகையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும். ஆப்பு வடிவில் ஒரு தாங்கல் செய்து அதில் பேட்டின் பிளேடை (பந்து அடிக்கும் கட்டையை) வைத்துத் தள்ளுங்கள். ஒரு பக்கம் அறுத்ததும் கட்டையைத் திருப்பிப் போட்டு அதே தாங்கலில் அடுத்த பக்கம். இரண்டு சரிவும் நடுக்கோட்டுக்குச் சமமாக வந்தே தீரும். மீரட், ஜலந்தர் பக்கம் பெரிய பேட் பட்டறைகளில் பெரும்பாலும் மெஷினில்தான் அறுக்கிறார்கள்.

ஏற்காடு காபிக்காரர்
மரம் காய்ந்ததா என்று முதலில் பாருங்கள். மலையில் ஈரக்காற்றில் வைத்திருந்த மரத்தைச் சேலத்து வெயிலுக்கு இறக்கினால் ரெண்டே வாரத்தில் சுருங்கும். நேற்று இறுக்கமாக இருந்த ஜாயின்ட் இன்றைக்கு ஆடும். ரம்பத்தின் மேல் பழி போடாதீர்கள்.

அம்மாபேட்டை டென்னிஸ்பால் டீம்
சந்து இருந்தால் அரால்டைட் ஊற்றி நிரப்புங்க ப்ரோ. எங்கள் டீமில் எல்லா பேட்டும் அப்படித்தான்.

வில்லோ வாத்தியார்
இந்தக் கேள்வி இங்கே பல முறை வந்துவிட்டது, பழைய இழைகளைப் படித்திருக்கலாம். ஸ்ப்ளைஸ், அதாவது இந்த வி ஜாயின்ட், எதற்கு வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் ரம்பம் வாங்கிப் பயனில்லை. ஆரம்ப காலத்தில் பேட் ஒரே கட்டை. பந்து பட்ட அதிர்ச்சி நேராகக் கைக்கு ஏறும், பிடியும் முறியும். 1880களில் சார்ல்ஸ் ரிச்சர்ட்சன் என்ற பொறியாளர்தான் பிளேடுக்குள் கூம்பிச் செல்லும் இந்த ஆப்பு இணைப்பைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றுக்கு அடியில் ரயில் சுரங்கம் போட்ட அதே மனிதர். அடி விழும்போது பிளேடிலிருந்து ஹேண்டிலுக்கு ஏறும் விசையை அந்த இரண்டு சரிந்த பக்கங்கள்தான் தாங்குகின்றன. நூறு சதவீதம் மரத்தோடு மரம் ஒட்ட வேண்டும். அதைப் புரிந்துகொண்டு பிறகு வேலையில் இறங்குவது நல்லது.

சூரமங்கலம் ஆல்ரவுண்டர்
காஷ்மீர் வில்லோ. பழைய பேட், ஹேண்டில் முறிந்துவிட்டது. பிரம்பு ஹேண்டில் மீரட்டிலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். ஜிக்சாவில் வெட்டினேன். லெதர் பால்.

கொண்டலாம்பட்டி பட்டறை
அப்படியா, இப்போது பேசலாம். லேத் மெக்கானிக் அண்ணா சொன்ன தாங்கல் புதுக் கட்டைக்குச் சரி. புதுக் கட்டை நாலு பக்கமும் தட்டை, திருப்பிப் போட்டால் அப்படியே உட்காரும். இது செதுக்கி முடித்த பேட். முதுகில் மேடு, பந்து படும் முகப்பிலும் லேசான வளைவு. திருப்பிப் போட்டால் மேசையில் ஆடும். அடியில் தக்கை கொடுத்து நிறுத்துவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

லேத் மெக்கானிக்
தக்கை கொடுப்பது ஒரு வேலையா? இரண்டு ஆப்புத் தாங்கல் செய்யுங்கள், இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. முகப்பை எப்போதும் கீழே வைத்தே அறுக்கலாம், திருப்பவே வேண்டாம்.

கொண்டலாம்பட்டி பட்டறை
ஒரு பேட்டுக்காக அவர் பேண்ட்ஸா வாங்கணுமா அண்ணா?

உளிமுனை
ஒரே ஒரு கேள்வி. சந்து முகப்பில் தெரிகிறதா, முதுகிலா? எந்தப் பக்கத்தை மேலே வைத்து அறுத்தீர்கள்?

சூரமங்கலம் ஆல்ரவுண்டர்
முகப்பு மேலே. முகப்பில் தலைமுடி கூட நுழையாது அக்கா. முதுகில் விசிட்டிங் கார்டு நுழைகிறது, இரண்டு பக்கமும்.

உளிமுனை
சரி, காரணம் தெரிந்துவிட்டது. ஜிக்சாவின் அலகை மேலே மட்டும்தான் மெஷின் பிடித்திருக்கிறது, கீழ்முனை சும்மா தொங்குகிறது. மெல்லிய பலகையில் இது தெரியாது. பேட்டின் தோள் பக்கம், அதாவது ஹேண்டில் நுழையும் மேல்பகுதியில், முதுகு மேட்டோடு சேர்த்து மரம் தடிமனாக இருக்கும். அங்கே கீழ்முனை வெளிப்பக்கம் வளைந்து ஓடும். மேலே கோட்டின் மேலேயே போயிருப்பீர்கள், கீழே வெட்டு அகலமாகிவிட்டிருக்கும். ஜிக்சாவுக்கு எந்த அலகு போட்டாலும் இந்த வேலைக்கு இதே கதைதான்.

பேட் வீணாகவில்லை. இது கூம்பிய வெட்டு என்பதுதான் உங்களுக்கு அதிர்ஷ்டம். முகப்புப் பக்கத்தையும் முதுகு அளவுக்கு உளியால் சீவி அகலமாக்குங்கள். பள்ளம் அகலமானால் ஹேண்டில் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கி, தானே இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். விசிட்டிங் கார்டு அளவு என்றால் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறங்கும். பேட் அவ்வளவு குட்டையாகும், ஆட்டத்தில் தெரியாது. ஆனால் ஹேண்டில் நுனி பள்ளத்தின் அடியில் முட்டக் கூடாது. முட்டினால் பக்கங்கள் இறுகாது. நுனியைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

சீவுவதற்கு ஒரு அங்குல உளி போதும். கூர் மட்டும் சரியாக இருக்கணும். வில்லோ மென்மையான மரம், மழுங்கிய உளி அதைச் சீவாது, நசுக்கும். தீட்டுக்கல்லில் தேய்த்து, முன்கை ரோமம் சிரைபடும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். கொட்டாப்புளி வேண்டாம், உள்ளங்கையால் தள்ளினாலே போதும்.

எங்கே சீவ வேண்டும் என்று கண்ணால் தேடாதீர்கள். கார்பன் பேப்பரை ஹேண்டில் பக்கங்களில் சுற்றி, மை வெளிப்பக்கம் இருக்கும்படி, உள்ளே அழுத்தி எடுங்கள். பள்ளத்தில் நீலம் ஒட்டிய இடம்தான் மேடு. அதை மட்டும் ஒரு சீவல் எடுங்கள், மறுபடி நுழையுங்கள். முதலில் ரெண்டு மூன்று புள்ளிதான் விழும். போகப் போக நீலம் பரவி முழுப் பக்கமும் நிறையும். நிறைந்த அன்றைக்குத்தான் பசை. தயவு செய்து சுத்தியால் அடித்து இறக்கிவிடாதீர்கள், ஆப்பு போலப் போய்த் தோள் பிளந்துவிடும்.

கொண்டலாம்பட்டி பட்டறை
நூற்றுக்கு நூறு. ஒன்று சேர்க்கிறேன். பழைய பசையைச் சுரண்டி மரம் தெரிய வைத்தீர்களா? காய்ந்த வெள்ளைப் பசை மேல் புதுப் பசை பிடிக்காது. ஹேண்டில் பக்கத்தில் இழைப்புளி ஓட்டாதீர்கள். பிரம்பு நார் நாராகப் பிய்யும், நடுவில் இருக்கும் ரப்பர் பட்டை இழுபடும். தட்டையான கட்டையில் 80ஆம் நம்பர் உப்புத்தாள் ஒட்டித் தேயுங்கள். பிரம்பு ரம்பப் பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும், அதனால் நல்ல ரம்பத்தை வில்லோவுக்கு மட்டும் வையுங்கள்.

அடுத்த பேட்டுக்கு ரம்பம் என்றால், நீளவாக்கில் அறுக்கும் பல் உள்ளதாக, மெல்லிய தகடாக வாங்குங்கள். கடையில் சும்மா ரம்பம் என்று கேட்டால் குறுக்கே அறுக்கிறதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ரேகையோடு போகிற வெட்டுக்கு அது தத்தளிக்கும். இரண்டு பக்கமும் பல் உள்ள ஜப்பான் இழுப்பு ரம்பம் என்றால் ஒரு பக்கம் நீளவாக்குப் பல்தான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் ஆன்லைன். அறுக்கும்போது முகப்பிலும் முதுகிலும் கோடு போட்டு, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து அறுக்கணும். கோட்டுக்குள்ளேயே நில்லுங்கள், மிச்சத்தை உளி பார்த்துக்கொள்ளும்.

அம்மாபேட்டை டென்னிஸ்பால் டீம்
இவ்வளவு வேலைக்கு அரால்டைட் ஈசி ப்ரோ.

வில்லோ வாத்தியார்
டென்னிஸ் பந்தும் லெதர் பந்தும் ஒன்றல்ல. சந்தில் நிரப்பிய அரால்டைட் மாதிரி எபாக்ஸி பசை கல் மாதிரி இறுகும். லெதர் பந்து அடியில் மரம் நெளியும், அது நெளியாது. ஓரத்தில் விரிசல் விடும். இது அடிப்படை.

அம்மாபேட்டை டென்னிஸ்பால் டீம்
ஃபெவிகால் போட்ட பேட்டைச் சித்திரை மாசம் வண்டி டிக்கியில் வைத்துப் பாருங்கள் சார். சூட்டில் இளகி ஹேண்டில் திரும்பிக்கொள்ளும். நாங்கள் பார்த்தது.

உளிமுனை
இரண்டும் உண்மைதான். வெள்ளைப் பசை சூட்டுக்கு இளகும், அதனால் வெயிலில் பூட்டி வைக்காதீர்கள். இறுக்கமான ஜாயின்ட்டுக்கு அது போதும். ஜாயின்ட் சரியில்லையென்றால் எந்தப் பசையும் போதாது.

ஏற்காடு காபிக்காரர்
ஒரு சந்தேகம், இழையிலேயே கேட்கிறேன். எஸ்டேட்டில் காற்றுக்கு விழுந்த சில்வர் ஓக் நிறைய கிடக்கிறது. காபிக்கு நிழல் மரம், மிளகுக் கொடி ஏற்றியது. அதில் பேட் செய்தால் என்ன? காஷ்மீரிலிருந்து ஏன் வரவழைக்கணும்?

வில்லோ வாத்தியார்
சில்வர் ஓக் பேட் எல்லாம் பேட் ஆகாது. வில்லோ தவிர வேறு மரம் கிரிக்கெட்டில் கிடையாது.

ஏற்காடு காபிக்காரர்
விதியில் அப்படி எங்கே சார் இருக்கிறது? 1979இல் பெர்த்தில் டெனிஸ் லில்லி அலுமினிய பேட் எடுத்துவந்த பிறகுதான் பிளேடு மரமாக இருக்கணும் என்று விதி வந்தது. என்ன மரம் என்று சொல்லவில்லை.

வில்லோ வாத்தியார்
விதி அனுமதிப்பதும் பந்து பறப்பதும் வேறு வேறு.

கொண்டலாம்பட்டி பட்டறை
காபிக்காரர் ஐயா, எடைதான் பிரச்சினை. சில்வர் ஓக் வில்லோவை விடக் கனம். அதே எடைக்குக் கொண்டுவர விளிம்பை ஒல்லியாக்கினால் யார்க்கரில் போய்விடும். பசங்க டென்னிஸ் பால் ஆட ஒன்று செய்து பாருங்கள், தப்பில்லை. ஆனால் அறுக்கும்போது முழுக்கை சட்டையும் முகக்கவசமும் போடுங்கள். அந்தத் தூள் சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பும் அரிப்புமாகக் கொண்டுவரும்.

ஏற்காடு காபிக்காரர்
தூள் விஷயம் உண்மை, கிளை வெட்டுகிறவர்களுக்கு இங்கே வரும். ஒரு கட்டை காய வைத்துப் பார்க்கிறேன். நம் மலை மரத்தில் நம் பிள்ளைகள் ஆடணும் என்று ஆசை.

லேத் மெக்கானிக்
காய்ந்ததும் சொல்லுங்கள் ஐயா, பேண்ட்ஸாவில் நானே அறுத்துத் தருகிறேன்.

சூரமங்கலம் ஆல்ரவுண்டர்
கார்பன் பேப்பர் வேலை செய்தது. ஹேண்டில் கொஞ்சம் உள்ளே போனது, இரண்டு பக்கமும் சந்து இல்லை. பசை போட்டுக் கிளாம்பில் இருக்கிறது. மேட்சுக்கு நண்பன் பேட். உளிமுனை அக்கா, பட்டறை அண்ணா, ரொம்ப நன்றி.

கொண்டலாம்பட்டி பட்டறை
மகிழ்ச்சி தம்பி. ஒரு நாள் முழுக்கக் கிளாம்பை எடுக்காதீர்கள். எடுத்ததும் ஹேண்டிலில் நூலை இறுக்கமாகச் சுற்றி, அப்புறம்தான் கிரிப். புது ஹேண்டில் என்பதால் முதல் வலைப்பயிற்சிக்குப் பழைய பந்து.

லேத் மெக்கானிக்
கடைசியில் ரம்பம் எது வாங்கினீர்கள் தம்பி?

அமைதி வாசகர்
எனக்கும் அதேதான் தெரியணும். என் பேட்டும் தோளில் டக் டக் என்று சத்தம் போடுகிறது. எந்த ரம்பம், என்ன விலை?