ஆர்ல (புள்ளியியல் நிரல்மொழி) பை (π): உள்ளே இருக்கறதா, நாமே எழுதறதா?

சிதறல்: ஆர், எஸ்ஏஎஸ், பைத்தான்னு மூணு நிரல்மொழிலயும் ஓடற வேலைன்னா, ஒவ்வொரு ஃபைல் தலையிலயும் பை = 3.1416, ஈ (e, இயல் மடக்கையோட அடி) = 2.7183னு நாமே எழுதிடறதுதான் சுத்தம். ஒண்ணுல 'பை', ஒண்ணுல கான்ஸ்டன்ட் ஃபங்ஷன், ஒண்ணுல மேத் மாட்யூல். ஆர்ல ஈ-க்குப் பேரே இல்ல. ரிப்போர்ட்ல நாலு டெசிமலுக்கு மேல யார் போடறாங்க?

கடைசி இலக்கம்: ரிப்போர்ட்ல நாலு டெசிமல் சரி, கணக்கு நடக்கறது 53 பிட்டுல (டபுள்ங்கற எண் வகை, கிட்டத்தட்ட 16 இலக்கத் துல்லியம்). 3.1416ல பிழை 0.0000073 தான். ஆனா இயல்நிலைப் பரவலோட லாக் லைக்லிஹுட்ல (மாடல் தரவுக்கு எவ்வளவு பொருந்துதுங்கற அளவு) ஒவ்வொரு தரவுக்கும் லாக்(2 × பை)-ல பாதி கழியுது. 10 லட்சம் தரவுன்னா பிழை சேர்ந்து 1.17, ஏஐசில (மாடல்களை ஒப்பிடற மதிப்பெண்) 2.34. ஏஐசி 2 விலகினாலே எந்த மாடல்னு சண்டை போடறவங்க நாம.

சிதறல்: ரெண்டு மாடல்லயும் அதே 3.1416 தானே, கழிச்சா அடிபட்டுப் போகும்.

கடைசி இலக்கம்: ரெண்டும் இயல்நிலைன்னா அடிபடும். எதிர்ல காமா பரவல் நின்னா அதோட சூத்திரத்துல பை-யே கிடையாது, பிழை மொத்தமும் இயல்நிலை தலையில. ஈ இன்னும் மோசம். 2.7183ஐ 100ஆம் அடுக்குக்கு ஏத்தினா விடை 0.067 சதவீதம் தப்பு. எக்ஸ்ப்(100)னு (ஈ-யோட 100ஆம் அடுக்கு) நேரா கேளுங்க. ஈ-க்குப் பேர் தேவைப்படாததே அதனாலதான்.

முன்னிலை: இலக்கத்தை விட ஆபத்து பேர்லதான். ஆர்ல பை ஒதுக்கப்பட்ட சொல் இல்ல, வெறும் மாறி. கலப்பு மாடல் (பல பரவல்களைக் கலந்தது) எழுதறவங்க கலப்பு விகிதத்துக்கு பை = 0.3னு வெச்சுடுவாங்க. அதே செஷன்ல நீங்க எழுதின அடர்த்தி ஃபங்ஷன் 0.3ஐ எடுத்துக்கும், எரரே வராது. செஷனைச் சேமிச்சா அடுத்த தடவையும் கூடவே வரும்.

சிதறல்: அப்போ உள்ளே இருக்கற பை-யை நம்ப முடியாதுன்னு நீங்களே சொல்றீங்க.

முன்னிலை: உங்க 3.1416உம் அதே மாதிரி மறைக்கறதுதானே! உள்ள இருக்கற பை அழியல, மேல ஒண்ணு உக்காந்திருக்கு. ஆர்எம்(பை)னு போட்டு மேல இருக்கறதை அழிச்சா பழையது தெரியும். பேக்கேஜுக்குள்ள இருக்கற ஃபங்ஷன் உங்க மாறிகளுக்கு முன்னாடி பேஸ்லதான் (ஆரோட அடிப்படை பேக்கேஜ்) தேடும், அதுக்கு பாதிப்பு இல்ல. உங்க ஸ்கிரிப்ட்ல பேஸ்::பைனு எழுதிட்டா முடிஞ்சுது.

சிதறல்: அவ்வளவு துல்லியமான பை-தானே? சைன்(பை) ஏன் 0 தரல? 1.22ஐ 10இன் 16ஆம் அடுக்கால வகுத்த எண் வருதே.

கடைசி இலக்கம்: டபுள்ல அடங்கற பை, நிஜ பை-யை விட சரியா அவ்வளவுதான் கம்மி. சைன் அதைத்தான் நேர்மையா சொல்லுது. அதை 0 கூட சமமான்னு சோதிக்காதீங்க. சைன்பை(1) (பை × 1-ஓட சைன்) கேளுங்க, ஆர் 0 தரும்.