அரிக்கஞ்சட்டியும் கொலம்பியா தங்கமும்

கலிபோர்னியாவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, "அம்மா, உங்களுக்கென்றே ஓர் ஊர் இருக்கிறது" என்று சொல்லி ஒரு சனிக்கிழமை காலை காரில் ஏற்றினான். சியரா நெவாடா மலையடிவாரத்தில், சொனோராவை ஒட்டிய கொலம்பியா. நான் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஆகவே தங்கம் என்றால் அம்மாவுக்குப் பிடிக்கும் என்பது அவன் கணக்கு. எங்களுக்குப் பழக்கமெல்லாம் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேடுகள்தான். அதை அவனிடம் சொல்லவில்லை.

காய்ந்து மஞ்சளேறிய புல்மேடுகளுக்கு நடுவே போகும் அந்தச் சாலைக்கு எண் 49. 1848 ஜனவரியில் கொலோமாவில், மரம் அறுக்கும் ஆலைக்கு வெட்டிய வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத் துணுக்கைப் பார்த்தார். மறு ஆண்டு உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் கிளம்பி வந்துவிட்டார்கள். அந்த ஆண்டின் நினைவாகத்தான் 49. கொலம்பியாவில் தங்கம் அகப்பட்டது 1850 மார்ச்சில்.

பிரதான வீதியில் காருக்கு இடமில்லை. குதிரை வண்டி போகிறது. சிவப்புச் செங்கல் கடைகளுக்கெல்லாம் கனமான இரும்புக் கதவுகள். தங்கம் புழங்கிய ஊர், திருட்டுப் பயம் என்று நினைத்தேன். நெருப்புக்குப் பயந்து போட்டவையாம். மரத்தால் கட்டிய ஊர் 1854-இல் எரிந்தது. சுதாரித்து எழுந்தபோது 1857-இல் மறுபடியும் எரிந்தது. 1945-இல் மாநில அரசு இதை வரலாற்றுப் பூங்காவாக்கியது. சலூன் என்கிற அந்தக்கால மதுக்கடையில் சார்சபரில்லா என்று ஒரு பானம் கொடுத்தார்கள். நம் நன்னாரியை ஆங்கிலேயர் இந்திய சார்சபரில்லா என்றுதான் அழைத்தார்கள், அந்த நம்பிக்கையில் குடித்தேன். மதுரை நன்னாரி சர்பத்தின் கால்தூசு பெறாது.

ஊரைவிட என்னை நிறுத்தி வைத்தது ஊர் ஓரத்துக் கற்கள். யானை யானையாக வெளிறிய சுண்ணாம்புப் பாறைகள், இடையில் ஆள் மறைகிற பள்ளங்கள். இயற்கையாகவே அப்படி என்று நினைத்துப் படம் எடுப்பவர்கள் எடுக்கிறார்கள். அந்தப் பாறைகள் ஒருகாலத்தில் மண்ணுக்கடியில் கிடந்தவை. இடுக்குகளில் தங்கம் தங்கியிருந்ததால் நடுவிலிருந்த மண்ணை முழுக்கத் தோண்டிக் கழுவி எடுத்துவிட்டார்கள். கழுவத் தண்ணீர் வேண்டுமே, ஊரிலோ ஆறு இல்லை. 1851-இல் தொடங்கிய ஒரு கம்பெனி தொலைவிலிருந்து வாய்க்கால் கட்டித் தண்ணீரை விற்றது. கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று தோண்டுகிறவர்கள் தாங்களே போட்டிக் கம்பெனி தொடங்கினார்கள். போட்டிக் கம்பெனி கடைசியில் பழைய கம்பெனியின் கைக்கே போனது. மண்ணை அள்ளியவர்களைவிட மண்ணைக் கழுவத் தண்ணீர் விற்றவனே நிலைத்தான்.

அங்கேயே மரத்தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பணம் கட்டினால் மணல் பை ஒன்றும் தட்டு ஒன்றும் தருகிறார்கள். மகன் தட்டை வேகமாகச் சுழற்றினான். நான்கே சுற்றில் மணலோடு எல்லாம் தொட்டிக்குள் போய்விட்டது. நான் தட்டை வாங்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு பக்கம் மட்டும் வரிவரியாக மேடு. அட, நம் அரிக்கஞ்சட்டி! ரேஷன் அரிசியில் கல் அரித்து வளர்ந்த கை எனக்கு. தண்ணீரை மொண்டு, சாய்த்து, மெல்ல ஆட்டி, மேல்மணலை மட்டும் வழியவிட்டேன். அரிசியில் அடியில் தங்குவதை எறிவோம். இங்கே அதற்குத்தான் பாடு. தங்கம் தண்ணீரைப்போல் பத்தொன்பது மடங்கு கனம், மணலோ தண்ணீரைப்போல் மூன்று மடங்குகூட இல்லை. அவசரப்படாமல் இருந்தால் அது தானே வரியில் உட்கார்ந்துகொள்ளும்.

சொல்லிக்கொடுக்கும் பெரியவர் ரப்பர் பூட்ஸோடு வந்து எட்டிப் பார்த்தார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். "அடுப்படியில்" என்றேன், மருமகள் மொழிபெயர்த்தாள். கோலாரைப் பற்றியும் சொன்னேன். எவ்வளவு ஆழம் என்றார். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் என்றதும் மருமகள் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று நினைத்து மறுபடியும் கேட்டார்.

"உங்கள் அப்பா வீட்டுக்குத் தங்கம் கொண்டுவருவாரா பாட்டி?" என்றாள் பேத்தி.

"ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். உன் கொள்ளுப்பாட்டியின் தாலியில் இரண்டு குண்டு இருந்தது. அதுவும் பாதி நாள் அடகுக்கடையில் கிடக்கும்."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. பெரியவர் சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் ஊற்றி, விரல் நுனியால் துணுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றிப் போட்டார். எடுத்தது எடுத்தவருக்கு, அதுதான் இங்கே விதி என்றார். போகும்போது பேத்திக்கு ஒரு பாடமும் சொன்னார்: வெயிலில் மைக்காவும் மின்னும், நிழலில் மின்னுவதுதான் தங்கம்.

போகிறவர்கள் கோடையைத் தவிருங்கள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. தொட்டியருகே நனைந்தாலும் பரவாயில்லை என்கிற செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

குப்பியில் ஏழு துணுக்கு என்பது என் கணக்கு. பேத்தி காரில் வரும் வழியெல்லாம் உள்ளங்கையால் நிழல் கட்டிக் கட்டிப் பார்த்துவிட்டு ஆறுதான் என்கிறாள்.