டேபிள் ரோஸ் நடுவில் மட்டும் அழுகுது, என்ன செய்யலாம்?

எல்லாருக்கும் வணக்கம். வாசலை ஒட்டி நாலடிக்கு இரண்டடி இடத்தில் டேபிள் ரோஸைத் தரையோடு படரவிட்டிருக்கேன். பத்து மணிப் பூன்னு சொல்வோமே, அதுதான். இரண்டே மாசத்தில் பாய் விரிச்ச மாதிரி மூடிடுச்சு. வெயில் ஏற ஏறப் பூ விரியறதைப் பார்க்கவே தினமும் போய் நிற்பேன்.

இப்போ ஓரமெல்லாம் நல்லா இருக்கு, நடுவில் மட்டும் வட்டமா அழுகுது. ஒரு தண்டைத் தூக்கிப் பார்த்தேன். மண்ணோடு ஒட்டின இடம் பழுப்பாகி, விரல் பட்டதும் கூழா கழன்று வந்துச்சு. நுனி மட்டும் இன்னும் பச்சையா, மொட்டோடு இருந்துச்சு. பூச்சி எதுவும் கண்ணில் படலை.

வெயில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. சந்தேகம் தண்ணீர் மேலதான். பக்கத்து ரோஜாவுக்கு ஊற்றும்போதெல்லாம் இதுக்கும் சேர்த்து ஊற்றிட்டேன். இலையிலும் தண்டிலும் நீரைச் சேர்த்து வைக்கிற செடிக்கு அது அதிகம்னு இப்போ புரியுது. மண்ணும் கொஞ்சம் களிமண்தான். நாலு நாளா தண்ணீர் விடலை. நல்ல நுனிகளை நாலு விரல் நீளத்துக்குக் கிள்ளி, தனியா மணல் கலந்த தொட்டியில் நட்டிருக்கேன். இது கிளையிலேயே சுலபமா வேர் பிடிக்கிற செடி, அதனால் அது பிழைச்சிடும்.

அழுகின வட்டத்தை மட்டும் தோண்டி மணல் கலந்தால் போதுமா, இல்லை மொத்தமா எடுத்துட்டு மண்ணை மேடாக்கி நடணுமா? அதே மண்ணில் மறுபடி நடலாமா? அடர்ந்து போகாம இருக்க எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டிவிடுறீங்க? வளர்த்தவங்க சொல்லுங்க. ஓரத்தில் அத்தனை மொட்டு நிற்கும்போது பிடுங்க மனசே வரலை.