லிந்துலை வீட்டுக் குழு: லொறி ஏசிக்கு கேஸ் அடிக்கும் விஷயம்

லிந்துலை மாமா: பண்டாரவளை மருமகனே, வேலையாக இருக்கியா? லொறி ஏசி மறுபடியும் வெறும் காற்றைத்தான் ஊதுகிறது. தைப்பொங்கலுக்குப் பிறகுதான் கேஸ் அடித்தது, அதற்கு முன்னால் தீபாவளி நேரத்திலும் அடித்தோம். கராஜில் கேட்டால் பழைய லொறி அண்ணே, கேஸ் குறையத்தான் செய்யும் என்று சொல்லிக் காசை வாங்கிக்கொள்கிறார்கள்.

அத்தை: லிந்துலையில் கம்பளியை விட்டு எழும்ப முடியவில்லை, இவருக்கு ஏசி கேட்கிறது 😀

மச்சான்: அம்மா, ஒரு நாள் கோவா (முட்டைக்கோஸ்) லோடோடு என் பக்கத்தில் இன்ஜினுக்கு மேலே உட்கார்ந்து பேலியகொடைச் சந்தை வரைக்கும் வந்து பாருங்கள். கித்துல்கல தாண்டினதும் தெரியும். அது கூடப் பரவாயில்லை, வட்டவளை மழையில் கண்ணாடி உள்பக்கம் புகைந்துபோய் வளைவே தெரிவதில்லை, ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துணி என்று ஓட்டுகிறேன்.

பண்டாரவளை அண்ணன்: இருக்கிறேன் மாமா, இப்போதுதான் ஒரு வேனை முடித்தேன். அத்தை, மச்சான் சொல்வது சரி. மலைப் பாதையில் ஏசி குளிருக்கு இல்லை, கண்ணாடிக்கு. காற்று, டாஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர் கொயிலில் பட்டதும் அதிலிருக்கிற ஈரம் தண்ணீராகி கீழே குழாய் வழியாகச் சொட்டிவிடும், காய்ந்த காற்று கண்ணாடியில் படும்போது புகை தானாக விலகும். மழைக் குளிரில் ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் இன்னும் வேகமாகத் தெளியும்.

பண்டாரவளை அண்ணன்: கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஏசி கேஸ் டீசல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற சாமான் இல்லை மாமா. அதே கேஸ்தான் உள்ளே சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாக வருஷக்கணக்கில் கொஞ்சம் கசியும், அது சரி. தீபாவளிக்கு அடித்தது பொங்கலுக்குள் போய்விட்டதென்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் மேலே மேலே அடித்துக் கொடுப்பது வேலை இல்லை, வியாபாரம்.

கொழும்பு சித்தப்பா: இங்கே சில பேர் சமையல் கேஸ் அடிக்கிறார்களே, நல்லா குளிர்கிறதாம், விலையும் குறைவு.

பண்டாரவளை அண்ணன்: சித்தப்பா தயவுசெய்து அதை யாருக்கும் சொல்லாதீங்க. குளிரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குளிர் கொயில் இருப்பது டாஷ்போர்டுக்குள்ளே, ஆள் உட்காருகிற கெபினுக்குள்ளே. அங்கே கசிந்தால் ஒரு பீடி போதும். ஆர்134ஏ என்கிற ஏசி கேஸுக்குச் செய்த சிஸ்டத்தில் அந்த கேஸைத்தான் போட வேண்டும். ஓட்டையை அடைக்கிற மருந்து என்று ஒரு போத்தல் விற்கிறார்களே, அதுவும் வேண்டாம், கொயிலுக்குள் கேஸை விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வில் போய் அடைத்துக்கொள்ளும்.

பண்டாரவளை அண்ணன்: மச்சான், இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டுவிட்டு கேஸை அழுத்தித் தள்ளுகிற கம்ப்ரசரின் முன்பக்கத் தட்டைப் பார். டக் என்று பிடித்து, கொஞ்சம் சுற்றி, உடனே விட்டு, மறுபடி டக் என்று பிடிக்கிறதா?

மச்சான்: ஆமாம், அப்படித்தான். வீடியோ போடுகிறேன்.

பண்டாரவளை அண்ணன்: கேஸ் குறைந்ததன் அடையாளம் அது. அழுத்தம் விழுந்ததும் லோ பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடுகிறது, நின்றதும் அழுத்தம் ஏறி மறுபடி பிடிக்கிறது. கேஸோடுதான் எண்ணெயும் சுற்றுகிறது, கேஸ் இல்லாமல் ஓட்டினால் எண்ணெய் திரும்பி வராமல் கம்ப்ரசர் போய்விடும். வேலை முடியும் வரை ஏசி சுவிட்சைத் தொடாதே.

லிந்துலை மாமா: ஆனால் போன முறை கராஜில் மீட்டர் மாட்டி இன்ஜின் ஓஃப் செய்து 60 காட்டுகிறது, கேஸ் நிறைய இருக்கிறது என்றானே.

பண்டாரவளை அண்ணன்: மாமா, வீட்டு கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைய இருந்தாலும் அடியில் கொஞ்சம் இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும், தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். இதுவும் அப்படியே. உள்ளே திரவமாக ஒரு சொட்டு மிச்சம் இருக்கும் வரைக்கும், இன்ஜின் நிற்கும்போது காட்டுகிற அழுத்தம் வெளிச்சூட்டைத்தான் சொல்லும், அளவைச் சொல்லாது. 15 பாகை குளிரில் 60 பிஎஸ்ஐ கிட்ட நிற்கும், 30 பாகையில் 100 கிட்டப் போகும். அதனால் தராசில் வைத்து கிராம் கணக்கில் அடிக்க வேண்டும், எத்தனை கிராம் என்று லொறியிலேயே ஸ்டிக்கர் இருக்கும். கூட அடித்தாலும் குளிராது, ஹை சைட், அதாவது கம்ப்ரசர் தள்ளுகிற பக்கம், அழுத்தம் ஏறி கம்ப்ரசர்தான் திணறும்.

பதுளை தங்கச்சி: அண்ணா, பழைய கேஸை வெளியே திறந்துவிடுவார்களா? ஓசோனுக்குக் கூடாது என்று படித்தோமே.

பண்டாரவளை அண்ணன்: ஓசோனைக் கெடுத்தது ஆர்12 என்கிற பழைய ஏசி கேஸ். 1987 மொன்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அதை ஒழித்துக்கொண்டு வந்தார்கள். ஆர்134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கும் மேலே. ஆகவே மெஷினில் இழுத்துத்தான் எடுக்க வேண்டும். ஹோஸைத் தளர்த்தி உஸ் என்று விடுகிறவனிடம் லொறியைக் கொடுக்காதீங்க. அந்த உஸ் கையில் பட்டால் தோல் உறைந்து வெந்தது போலாகிவிடும், வெளிக்காற்றில் அது மைனஸ் 26 பாகையில் கொதிக்கிற சாமான்.

(மறுநாள்)

மச்சான்: மச்சான் அவசரம். நுவரெலியாவில் ஒரு கராஜில் நிற்கிறேன். மிச்ச கேஸை மெஷினில் எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் பம்பில் உறிஞ்சி வாக்குவம் போடுகிறார்கள். மீட்டர் 24 இன்ச்சுக்கு மேல் போகமாட்டேன் என்கிறது. பம்ப் பழசு, 29 வரவேண்டும், பரவாயில்லை இப்படியே கேஸ் அடிக்கலாம் என்கிறார் பாஸ். படம் பார்.

பண்டாரவளை அண்ணன்: பம்ப் நல்ல பம்ப், அவரைத் திட்டாதே 😀 29, 30 எல்லாம் கடல் மட்டத்தில் இருக்கிற கொழும்புக் கணக்கு. மீட்டர் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேலே, அங்கே காற்றின் கனமே குறைவு. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு இன்ச் கழித்துக்கொள். உள்ளே ஒன்றுமே இல்லாமல் உறிஞ்சினாலும் அங்கே 24 சுற்றித்தான் முள் நிற்கும். லிந்துலையில் போட்டால் கொஞ்சம் கூடக் காட்டும், கொழும்பில் 29 தாண்டும். பாதிப் பேர் இது தெரியாமல் நல்ல பம்பைத் தூக்கிப் போடுகிறார்கள்.

பண்டாரவளை அண்ணன்: ஆனால் கேஸ் அடிக்க இப்போது விடாதே. மீட்டர் வால்வை மூடி, பம்பை நிறுத்தி, இருபது நிமிஷம் முள்ளைப் பார்த்துக்கொண்டிரு. டீ குடிக்கப் போகாதே, போனால் அவர் அடித்துவிடுவார்.

மச்சான்: சரி.

லிந்துலை மாமா: வாக்குவம் எதற்கு மருமகனே, போன முறை அவன் இதெல்லாம் போடவே இல்லையே. கேனை மாட்டினான், அடித்தான், காசு வாங்கினான்.

பண்டாரவளை அண்ணன்: அதைத்தான் சொல்கிறேன் மாமா. உள்ளே காற்று நின்றால் ஹை சைட் அழுத்தம் ஏறும், ஈரம் நின்றால் எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்ன ஓட்டையில் ஐஸாகி அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும். வாக்குவத்தில் தண்ணீர் சும்மா வெளிச்சூட்டிலேயே கொதித்து ஆவியாகி பம்ப் வழியாகப் போய்விடும். ஆனால் குளிர் கூடினால் அது கொதிக்க வாக்குவமும் ஆழமாக வேண்டும், நேரமும் கூட வேண்டும். கொழும்பில் அரை மணித்தியாலம் போட்டால் போதும் என்கிற இடத்தில் நுவரெலியாக் காலையில் ஒரு மணித்தியாலமாவது நான் போடுவேன்.

மச்சான்: முள் 17-க்கு இறங்கிவிட்டது. இன்னும் இறங்குகிறது.

பண்டாரவளை அண்ணன்: அப்போ வெளிக்காற்று உள்ளே போகிறது, ஓட்டைதான், சந்தேகமே வேண்டாம். ஈரம் மட்டும் இருந்தால் முள் ஒரு நூல் இறங்கி நின்றுவிடும். நைட்ரஜன் இருக்கிறதா என்று கேள். இருந்தால் அளவாக அடித்து ஒவ்வொரு ஜொயின்ட்டிலும் சவர்க்காரத் தண்ணீர் தடவச் சொல். டயருக்குக் காற்று அடிக்கிற கம்ப்ரசரை மாட்ட விடாதே, அதில் தண்ணீர் வரும். முதலில் கெபினைத் தூக்கிப் பார், ஹோஸ் எங்கே மடிகிறதோ எங்கே சேசிஸில் உரசுகிறதோ அங்கே தேடு. தூசி ஒட்டி எண்ணெய்ப் பிசுக்காக ஒரு இடம் கருத்திருந்தால் அதுதான்.

மச்சான்: படம் போட்டிருக்கிறேன் பார். கெபின் கீல் பக்கத்தில் ஹோஸ் பிராக்கெட்டில் உரசி நூல் தெரிகிறது. சவர்க்காரத் தண்ணீர் ஊற்றினதும் அதே இடத்தில் நுரை பொங்குகிறது, சின்னச் சின்னக் குமிழியாக நிற்காமல் வருகிறது.

லிந்துலை மாமா: இத்தனை நாளும் அந்த ஓட்டைக்குத்தான் காசு கொட்டியிருக்கிறேன் பார்!

அத்தை: அந்தக் காசுக்கு ஒரு புது மெத்தை வாங்கியிருக்கலாம்.

பண்டாரவளை அண்ணன்: அந்த ஹோஸை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு வா மச்சான், புதுசு பிரஸ் பண்ணித் தருகிறேன். கழற்றின இரண்டு வாயையும் பொலித்தீன் சுற்றி இறுக்கமாகக் கட்டு, திறந்து கிடந்தால் மூடுபனியெல்லாம் உள்ளே போய்விடும். ஓ-ரிங் பழையதைத் திரும்பப் போடக்கூடாது. டிரையரும் மாற்ற வேண்டும், சிஸ்டத்தைத் திறந்துவிட்டால் அது கட்டாயம். டிரையர் வாங்கும்போது கடையில் மூடியைத் திறந்து பார்க்காதே, உள்ளே ஈரம் குடிக்கிற மணிதான் இருக்கிறது, திறந்த நிமிஷத்திலிருந்து வெளி ஈரத்தைக் குடிக்க ஆரம்பித்துவிடும்.

கொழும்பு சித்தப்பா: ஹோஸ் மாட்டின பிறகு கேஸ் நாங்களே அடிக்க முடியாதா? கேன் இங்கே கடையில் கிடைக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.

பண்டாரவளை அண்ணன்: தராசும் வாக்குவம் பம்பும் இல்லாமல் வேண்டாம் சித்தப்பா. அப்படியும் யாராவது அடிப்பதாக இருந்தால் கம்ப்ரசர் இழுக்கிற பக்கமான லோ சைடில் மட்டும், கேனை நிமிர்த்திப் பிடித்து. இன்ஜின் ஓடும்போது ஹை சைடில் கேனை மாட்டினால் கேன் வெடிக்கும். கவிழ்த்துப் பிடித்தால் திரவமாகவே போய் கம்ப்ரசரை அடித்து உடைக்கும். குளிரில் கேஸ் மெதுவாகத்தான் போகும், அப்போது கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கலாம், நெருப்பில் காட்டவே கூடாது.

பதுளை தங்கச்சி: அடித்து முடிந்ததும் சரியாகக் குளிர்கிறதா என்று எப்படித் தெரியும்? நுவரெலியாவில் ஜன்னலைத் திறந்தாலே குளிர்கிறதே.

பண்டாரவளை அண்ணன்: நல்ல கேள்வி. மேலே சோதிப்பதில் அர்த்தம் இல்லை. அடுத்த லோடில் கித்துல்கல இறங்கினதும் வெயிலில் நிறுத்தி, நடு வென்ட்டில் தெர்மோமீட்டர் வைத்துப் பார்த்து எனக்குப் படம் போடட்டும். மச்சான், கேஸின் சூட்டை வெளியே விடுகிற கண்டன்சரில் சேறும் இலையும் அடைத்திருக்கும், தண்ணீர் அடித்துக் கழுவு, ஆனால் மெதுவாக, பிரஷர் கன் வைத்தால் தகடு மடங்கிவிடும். கினிகத்தேனை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஊர்ந்து வரும்போது முன்னால் காற்று படாது, கண்டன்சர் ஃபேன் சுற்றுகிறதா என்றும் பார்த்துக்கொள்.

மச்சான்: ஃபேன் சுற்றுகிறது, பார்த்துவிட்டேன். ஹோஸ் கழற்றியாச்சு, பொலித்தீன் கட்டியாச்சு. நாளைக்கு வெலிமடை பஸ்ஸில் ஹோஸோடு வருகிறேன்.

பண்டாரவளை அண்ணன்: வா. ஹோஸ் மாட்டினதும் திங்கட்கிழமை லொறியைக் கொண்டுவாங்க, வாக்குவம் போட்டு அளந்து அடித்துத் தருகிறேன்.

லிந்துலை மாமா: சரி மருமகனே, திங்கட்கிழமை வெள்ளனவே, ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறோம்.

பண்டாரவளை அண்ணன்: ஆறு மணிக்கு வேண்டாம் மாமா, பத்துக்கு மேலே வாங்க. கொஞ்சம் வெயில் ஏறட்டும், வாக்குவம் அப்போதுதான் நல்லா இழுக்கும்.

அத்தை: பத்து மணிக்கு என்றால் நானும் வருகிறேன்.