அக்ரிலிக் ஓவியத்தில் ஒட்டிக்கொண்ட பபிள் ராப்பை எப்படி எடுப்பது?

வணக்கம். பல வருடம் இரண்டு நகரங்களுக்கு நடுவே ஓடி ஓடி வரைந்துவிட்டு, இப்போது வெளிநாட்டிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்டேன். ஓவியங்கள் கப்பலில் வந்தன. அதில் ஒன்று மாட்டிக்கொண்டு நிற்கிறது.

பருத்தி கேன்வாஸ், அக்ரிலிக், ஆறடிக்கு நாலடி. 2021-இல் முடித்தது, அங்கே வரைந்தவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது. வார்னிஷ் இல்லை. நடுவில் ஜெல் மீடியம் (வண்ணத்தைக் கெட்டியாக்கக் கலக்கும் அக்ரிலிக் பசை) கலந்து கனமாகப் பூசியிருக்கிறேன். பேக் செய்தவர்கள் வண்ணத்தின் மேலேயே பபிள் ராப் வைத்துச் சுருட்டிவிட்டார்கள். கன்டெய்னர் சூட்டில் அக்ரிலிக் இளகி பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிட்டது. ஓரங்களில் தானாக விட்டது, ஆனால் அடர்நீலத்தில் வட்ட வட்டமாகப் பளபளக்கும் தழும்பு. நடுப்பகுதி அசையவே இல்லை.

ஒரு மூலையை மெல்ல உரித்தேன். வண்ணம் கூடவே வந்தது, நிறுத்திவிட்டேன். ஏசி அறையில் விரித்து வைத்தும் பலனில்லை. இடையில் எதுவும் ஒட்டாத சிலிக்கோன் தாளைச் செருகினால் கனமான இடத்தில் நுழையவில்லை. நன்றாகக் குளிரவைக்கச் சொல்கிறார்கள். குளிரில் அக்ரிலிக் விறைத்து வெடிக்குமே என்று பயம். ஸ்பிரிட், தின்னர் பக்கம் போகவே இல்லை, வண்ணத்தையே இளக்கிவிடும்.

கனமாகப் பூசிய அக்ரிலிக்கிலிருந்து வண்ணம் உரியாமல் பபிள் ராப்பை எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எப்படி எடுத்தீர்கள்?