நோயாளி ஆலோசனைக் குழுவில் இருந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்குச் சிகிச்சை நடந்த மருத்துவமனையில் நோயாளிகளையும் குடும்பத்தாரையும் ஆலோசகர்களாகச் சேர்க்கிறார்கள். சம்பளம் கிடையாது, நானும் பெயர் கொடுத்துவிட்டேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2008-இல் வந்த சட்டமே மருத்துவமனைகளில் இப்படியொரு குழு வேண்டும் என்கிறது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கையில் தரும் தாளைப் பற்றித்தான் முதலில் பேச நினைக்கிறேன். எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எது புதிது, மூச்சு வாங்கினால் யாரைக் கூப்பிடுவது என்பது அதில் தெளிவாக இருப்பதில்லை. கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்குத்தான் அந்தத் தவிப்பு தெரியும்.

இப்படிக் குழுவில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: மருத்துவர்கள் நடுவே நம் பேச்சு எடுபட என்ன செய்தீர்கள்? சொந்தக் குறையாகத் தோன்றாமல் எல்லோருக்கும் பொதுவான விஷயமாக எப்படி எடுத்து வைப்பது? அப்புறம், நாம் சொன்னது என்ன ஆனது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருந்தால் அதையும் எழுதுங்கள்.