டவர் பார்க்குக்கு மயிலாப்பூர் தயிர்சாதமா?

அண்ணாநகர் மேற்கு:
ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு சென்னை அண்ணாநகர் டவர் பார்க் போய் மரத்தடியில் மதியச் சாப்பாடு சாப்பிடலாம் என்று எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் முடிவானது. சாப்பாடு எங்கே வாங்கலாம் என்று கேட்டேன். உடனே ஒருவர், "கட்டுசாதம் என்றால் மயிலாப்பூர்தான். அண்ணாநகரில் வாயில் வைக்கிற மாதிரி தயிர்சாதம் கிடையாது" என்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. முப்பது வருடமாக இங்கே இருக்கிறேன், நடக்கிற தூரத்தில் பத்துக் கடை இருக்கிறது. மயிலாப்பூரில் 10 மணிக்கு வாங்கி, ஜெமினி, நுங்கம்பாக்கம், அமைந்தகரை எல்லாம் தாண்டி வந்து, பிள்ளைகள் ஆடி முடித்து 1 மணிக்குப் பொட்டலத்தைப் பிரித்தால் தயிர்சாதம் புளித்திருக்கும். இதுகூடத் தெரியாதா?

மாடவீதி:
புளிக்காது.

நான் பிறந்து வளர்ந்ததே மயிலாப்பூர் மாடவீதியில். எங்கள் பக்கத்து மெஸ்ஸில் எப்படிப் பிசைகிறார்கள் என்று அடுப்படி வாசலில் நின்று பார்த்தவன். சாதத்தைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, காய்ச்சின பாலை விட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆறின பிறகு ஒரே ஒரு கரண்டி தயிர். இஞ்சி, பச்சைமிளகாய், கடுகு தாளித்துக் கொட்டுவார்கள். வெள்ளரிக்காய் போடவே மாட்டார்கள், தண்ணீர் விட்டுக்கொள்ளும். வாட்டின வாழையிலையில் வைத்து, மேலே காகிதம் சுற்றி நூல் கட்டும்போது அது பால்சோறு மாதிரி தளரத் தளர இருக்கும். மதியம் பிரிக்கும்போதுதான் தயிர்சாதமாகவே ஆகும். நீங்கள் சொல்கிற அந்த மூன்று மணி நேரம் அதற்கு வேண்டும் சார்.

அண்ணாநகர் மேற்கு:
மே மாத வெயிலிலுமா? போன வருடம் உங்கள் பக்கத்துக் கடை ஒன்றில்தான் வாங்கினேன், பெயர் வேண்டாம். என் மகள் ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். நான்கு பொட்டலமும் குப்பைத்தொட்டிக்குப் போனது. புளித்தது.

மாடவீதி:
காரில் எங்கே வைத்தீர்கள்?

அண்ணாநகர் மேற்கு:
டிக்கியில். பின்னே, மடியிலா வைத்துக்கொண்டு வருவார்கள்?

மாடவீதி:
மடியில்தான் வைக்கணும். அனலடிக்கிற டிக்கியில் பாலும் தயிரும் கலந்ததை வைத்தால் எந்த ஊர் சாதமும் புளிக்கும். சூடு ஏறினால் உறை வேகமாகப் பிடிக்கும் என்பது வீட்டில் தயிர் தோய்க்கிற எல்லோருக்கும் தெரியும். பழி மட்டும் மயிலாப்பூர் மேல்.

கேணிக்காரன்:
தயிர்சாதத்தை விடுங்கள். இட்லி கட்டிக்கொண்டு போங்கள். திருவல்லிக்கேணி ரத்னா கபே, 1948லிருந்து நடக்கிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

மாடவீதி:
தம்பி, ரத்னா கபே இட்லிக்குப் பெருமையே அது சாம்பாரில் மூழ்கிக் கிடப்பதுதான். அதைப் புல்தரையில் வைத்து எப்படிச் சாப்பிடுவது? சாம்பாரை எதில் கட்டுவது? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் உணவு கட்டுகிற பிளாஸ்டிக் தாளுக்குத் தடை. கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போனால் வாசலிலேயே பையைப் பார்ப்பார்கள்.

கேணிக்காரன்:
எங்கள் வீட்டில் இன்னும் எவர்சில்வர் தூக்கு இருக்கிறது அண்ணே. உங்கள் வீட்டில் இல்லை என்றால் கேளுங்கள், தருகிறேன்.

அடையாறு ஆலமரம்:
காந்தி நகர் கிராண்ட் ஸ்வீட்ஸ் புளியோதரை வாங்கிப்போங்கள். புளியும் நல்லெண்ணெயும் காப்பாற்றும், சாயங்காலம் வரை ஒன்றும் ஆகாது.

மாடவீதி:
புளியோதரையை யார் கேட்டார்கள்? தயிர்சாதம் புளிக்குமா புளிக்காதா, அதுதான் பேச்சு.

புரசை அக்கா:
நான் பிள்ளைகளுக்கு அம்மா உணவகத்தில் 3 ரூபாய் தயிர்சாதம் வாங்கிக்கொடுத்து, அங்கேயே சாப்பிடவைத்து, பிறகுதான் பார்க்குக்குக் கூட்டிப்போவேன். கட்டுவதும் இல்லை, புளிப்பதும் இல்லை. பார்க்கில் சுண்டல் போதும். கார் இருக்கிறவர்கள்தான் இவ்வளவு பேசுகிறீர்கள்.

அண்ணாநகர் மேற்கு:
அக்கா சொல்வதுதான் சரி. பக்கத்தில் வாங்கணும், உடனே சாப்பிடணும். நான் முதலிலிருந்து இதைத்தான் சொல்கிறேன்.

புரசை அக்கா:
நீங்கள் அதைச் சொல்லவில்லை. உங்கள் ஊரில் பத்துக் கடை இருக்கிறது என்று பெருமை பேசினீர்கள்.

மாடவீதி:
அப்படிக் கேளுங்கள். வெளியே போய்ச் சாப்பிடுவதைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்கவேண்டாம். 1962லிருந்து 2008 வரை கதீட்ரல் ரோடு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலில் மரத்தடியில் காரை நிறுத்தி, காரிலேயே தட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள் நாங்கள். அந்த இடத்தில்தான் 2010இல் செம்மொழிப் பூங்கா வந்தது.

அண்ணாநகர் மேற்கு:
கதீட்ரல் ரோடு எப்போது மயிலாப்பூர் ஆனது?

மாடவீதி:
எங்களுக்கு நடக்கிற தூரம். உங்கள் ஊர் அன்றைக்கு முள்ளம் கிராமம்.

அண்ணாநகர் மேற்கு:
1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்கு இங்கேதான் டவர் பார்க் கோபுரத்தைக் கட்டினார்கள், மாடவீதியில் இல்லை. போன மாதம் பில்டர் காபி சண்டையிலும் இப்படித்தான். சிக்கரி எவ்வளவு என்று கேட்டதற்குக் கபாலி கோயில் தெப்பத்தைப் பற்றி எழுதிவிட்டுக் காணாமல் போனீர்கள்.

மாடவீதி:
காணாமல் போகவில்லை, அன்றைக்குக் கபாலி கோயில் அறுபத்துமூவர் விழா. தேர்வீதியில் நின்றுகொண்டு சிக்கரிக்கா பதில் எழுதுவேன்? இப்போது எழுதுகிறேன், இருபது சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது.

கேணிக்காரன்:
எங்கள் வீட்டில் சிக்கரியே கிடையாது.

மாடவீதி:
தம்பி, அதற்குத் தனியாக வருகிறேன். சார், மெஸ்ஸில் ஒரு ஆழாக்கு அரிசிக்கு இரண்டு ஆழாக்குப் பால் விடுவார்கள். தயிர் ஒரு கரண்டி. அது மூன்று மணி நேரத்தில் புளிக்காது. உங்கள் அண்ணாநகர்க் கடையில் பால் விடுகிறார்களா? போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

அண்ணாநகர் மேற்கு:
கேட்கவேண்டிய அவசியம் இல்லை. நான் வாங்கினேன், என் மகள் சாப்பிட்டாள். புளித்தது.